பாவு ஏற்றுமுன் பேசு



படிப்பை முடித்தபின் பிறரிடம் வேலை தேடாமல் சொந்தமாக ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இன்று நம் மாணவரிடையே பெருகி வருகிறது. இது வரவேற்கத்தக்கது. அவ்வெண்ணம் கொண்ட சிலர் என்னை அணுகி, நான் நடத்திவரும் உள் அலங்காரத் தொழிலைப் பற்றிக் கேட்டார்கள். "எங்களுக்கு வரையத் தெரியும், கணிப்பொறியில் அறையை அறையாகக் காட்டத் தெரியும், வேறு என்ன வேண்டும்?" என்பது அவர்களுடைய வினா. வீட்டாரிடம் பேசத் தெரிய வேண்டும், பேசியதை எழுதத் தெரிய வேண்டும், எழுதியதைக் கணக்கிடத் தெரிய வேண்டும் என்று நான் விடை கூறினேன். அவர்கள் முகத்தில் ஏமாற்றத்தைக் கண்டேன். அந்த மூன்றையும் அறியாமல் நானும் இத்தொழிலில் இறங்கியவன்தான். அறியாமைக்கு நான் கொடுத்த விலையையும், அதன் பின்பு கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறேன்.

தொழிலின் இயல்பு

வீட்டின் உட்புறத்தை அழகு செய்வது நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரைகளையும் கண்டவர் இதை நன்கு அறிவர். ஆனால் அந்நாளில் வீட்டுக்காரரும் ஆசாரியும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொண்டனர். இடையில் மூன்றாமவர் ஒருவர் நின்று, "எது எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன், அதற்கு எனக்கு ஊதியம் தருக" என்று கேட்பது பிற்காலத்து வழக்கம். அமெரிக்காவில் எல்சி டி உல்ஃப் என்ற அம்மையார் 1905-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் காலனி கிளப் என்னும் மகளிர் மன்றக் கட்டடத்தின் உள் அலங்காரப் பணியை ஏற்றார். 1907-இல் அம்மன்றம் திறக்கப்பட்டபோது அவர் பெயர் பரவியது. அவ்வம்மையாரைத் தொழில்முறை உள் அலங்காரக் கலைஞருள் முன்னோடியாகக் கூறுவர்.

இடையில் நிற்பவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். மரம் அவனுடையதன்று, வீடும் அவனுடையதன்று, இழைப்புளியைப் பிடிக்கும் கையும் பெரும்பாலும் அவனுடையதன்று. அவன் விற்பது யாது? இன்னும் கண்ணால் காணாத ஒன்றை, "இப்படித்தான் வரும்" என்று சொல்லும் சொல்லையே அவன் விற்கிறான். அந்தச் சொல் பிசகினால் அவனிடம் விற்பதற்கு வேறு சரக்கு இல்லை.

முதல் வேலை தந்த அடி

என் ஊர் நாராயணவனம். சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்திற்கு மாறிய சிற்றூர். புத்தூருக்கு அருகே உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். நெசவும் கோயிலும் அதன் இரு கண்கள். என் தந்தையார் குழித்தறியில் நெய்தவர்.

என் முதல் வேலை பக்கத்து ஊரில் புதுவீடு கட்டியிருந்த ஒரு பெரியவருடையது. எங்கள் குடும்பத்திற்கு நெடுநாள் பழக்கமானவர். சமையலறை, இரண்டு படுக்கையறை அலமாரிகள், கூடத்தில் தொலைக்காட்சி வைக்கும் அடுக்கு ஆகியவற்றிற்கு ரூ. 2,60,000 என்று பேசினோம். ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். "தம்பி, நீ நம்ம வீட்டுப் பிள்ளை. உனக்கும் எனக்கும் நடுவிலே எழுத்து எதுக்கு?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. எழுதவில்லை.

வேலை தொடங்கிற்று. அம்மா ஒரு நாள் வந்து, "பரணுக்குக் கதவு போட்டுடுப்பா, தூசி விழுது" என்றார்கள். போட்டேன். வாசலில் செருப்பு வைக்க ஓர் அடுக்கு கேட்டார்கள். செய்தேன். பூசையறைக் கதவில் மணிகள் வேண்டும் என்றார்கள். கதவையே மாற்றினேன். ஒவ்வொரு முறையும், "ஆகட்டும் அம்மா" என்றேனே தவிர, அதன் விலையை ஒரு முறையும் சொல்லவில்லை. விலை சொன்னால் உறவு கெடும் என்று அஞ்சினேன். புதுமனை புகுவிழா நாள் நெருங்கியது. அதற்கு முதல் நாள் கணக்கைக் கொடுத்தேன்: ரூ. 3,18,000. அதாவது 58,000 ரூபாய் கூடுதல்.

பெரியவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதெல்லாம் இவ்வளவு ஆகும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். அவர் பேசிய தொகையைக் கொடுத்தார், கூடுதலைக் கொடுக்கவில்லை. ஆசாரிமார் இருவருக்குக் கூலி பாக்கி இருந்தது. அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் அன்றோ? என் தாயாரின் வளையல்கள் புத்தூருக்கு அடகு வைக்கச் சென்றன. அவற்றை மீட்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

அந்தப் பெரியவரைப் பல நாள் மனத்திற்குள் ஏசினேன். பிறகுதான் உண்மை புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இருந்தது. என் கூச்சத்தால் அந்த உரிமையை நானே பறித்துவிட்டேன். முன்னே சொன்னால் அது செய்தி. பின்னே சொன்னால் அது சாக்கு. இத்தொழிலின் முதற்பாடமும் முடிந்த பாடமும் இதுவே.

பாவும் ஊடையும்

அந்நாள்களில் ஒரு மாலை தறியருகே அமர்ந்து என் நட்டத்தைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "பாவு ஏத்தறதுக்கு முன்னாடி கேட்டியா, ஏத்தினப்புறம் கேட்டியா?"

நெசவு அறியாத நண்பர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். துணியின் நீளவாட்டில் செல்லும் நூல் பாவு; குறுக்கே செல்வது ஊடை. பழைய பாவின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துத் தறியில் ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்! துணியின் அகலம், நெருக்கம், நீளம், கரையின் நிறம் எல்லாம் அதிலேயே முடிவாகிவிடும். ஏற்றிய பின் மாற்றவேண்டும் என்றால் அறுத்தெறிய வேண்டியதுதான். ஊடை அப்படியன்று. நாடாவில் உள்ள தாரை மாற்றினால் நிறம் மாறிவிடும். ஆகவே நெசவாளி பாவைப் பற்றிய கேள்விகளையெல்லாம் முன்னரே கேட்டுவிடுவான். ஊடையைப் பற்றிப் பொறுத்துக் கேட்பான்.

நம் தொழிலிலும் பாவு உண்டு, ஊடை உண்டு. எந்தெந்த வேலை, என்ன பொருள், மொத்த விலை, பணம் தரும் தவணை, முடிக்கும் நாள், இறுதிச் சொல் யாருடையது ஆகிய ஆறும் பாவு. கைப்பிடியின் வடிவம், மைக்காவின் நிறம், திரைச்சீலையின் துணி ஆகியவை ஊடை. நான் செய்த பிழை யாது? வாடிக்கையாளரோடு கைப்பிடியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினேன். தவணையைப் பற்றி மூன்று நிமிடமும் பேசவில்லை. முதற்கோணல் முற்றும் கோணல் ஆயிற்று.

முதல் சந்திப்பு

இனி, பாவை எவ்வாறு ஏற்றுவது என்று காண்போம். முதல் முறை ஒரு வீட்டிற்குச் செல்லும்போது படங்களை எடுத்துச் செல்லாதீர்கள். அளவு நாடாவும் குறிப்பேடும் போதும். படத்தை முதலில் காட்டினால் பேச்சு படத்தைப் பற்றியே போகும். அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிப் போகாது.

கேட்க வேண்டியவை பல. வீட்டில் எத்தனை பேர்? முதியோர் உண்டா? சமைப்பவர் யார்? விருந்தினர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவர்? பழைய பாத்திரங்கள், அண்டா, குத்துவிளக்கு ஆகியவற்றை எங்கே வைப்பது? சமையல் மேடையின் உயரம் பொதுவாக 34 அங்குலம் அளவில் இருக்கும். ஆனால் அங்கே நின்று சமைக்கும் அம்மா குள்ளமானவராக இருந்தால் அந்த உயரம் நாள்தோறும் அவருக்குத் தோள்வலியைத் தரும். அவரை மேடையருகே நிற்கச் சொல்லி, முழங்கையின் உயரத்தைப் பார்த்து, அதற்குச் சில அங்குலம் கீழே அமைப்பது நன்று. பணம் கொடுப்பவர் ஒருவர், புழங்குபவர் மற்றொருவர் என்பதை மறந்த வடிவமைப்பாளன் பாதி வீட்டாரைத்தான் சந்தித்திருக்கிறான்.

வாஸ்து பார்ப்பவர்களா என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும். உங்களுக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டன்று. அடுப்பு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று மாமனார் நினைக்கிறார் என்பது பாவைச் சேர்ந்த செய்தி. மேடைக்குக் கல் பதித்த பின் அது வெளிப்பட்டால் கல்லையும் பெயர்க்க வேண்டும். உறவையும் பெயர்க்க வேண்டும்.

இறுதியாக, "உங்கள் வீட்டில் முடிவான சொல் யாருடையது?" என்று பணிவோடு கேளுங்கள். சிரிப்பார்கள்; ஆனால் சொல்வார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. பேச்சு தமிழில் நடக்கும். வீட்டாருக்குப் படிக்க வருவது தெலுங்காக இருக்கும். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினால் மரியாதைக்காகக் கையெழுத்திடுவார்கள், படிக்க மாட்டார்கள். படிக்காத கையெழுத்து சண்டைக்குத்தான் பயன்படும். அவர்கள் எந்த மொழியில் மளிகைக் கணக்கு எழுதுகிறார்களோ அந்த மொழியில் உங்கள் தாளை எழுதுங்கள்.

மதிப்பீடும் கணக்கும்

மதிப்பீட்டில் மாணவர் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வேலைக்குப் பொருள் ரூ. 1,90,000, கூலி ரூ. 80,000, ஏற்றுக்கூலி முதலிய சில்லறைச் செலவு ரூ. 15,000, சேதாரம் ரூ. 15,000 என்று கொள்வோம். அடக்கம் ரூ. 3,00,000. விலையில் நூற்றுக்கு இருபது நமக்கு நிற்க வேண்டும் என்று விரும்புகிறோம். அடக்கத்தின்மேல் இருபது விழுக்காடு கூட்டி ரூ. 3,60,000 என்று சொன்னால் என்ன ஆகும்? நிற்பது 60,000, அது விலையில் ஏறத்தாழ 16.7 விழுக்காடே. உண்மையில் மூன்று இலட்சத்தை 0.80-ஆல் வகுக்க வேண்டும்; விலை ரூ. 3,75,000 ஆகும். இந்த 15,000 ரூபாய் வேறுபாடு சிறிதன்று. அலுவலக வாடகையும் வண்டிக்கு எரிபொருளும் வேலை இல்லாத மாதத்துச் சாப்பாடும் அதிலிருந்தே வர வேண்டும்.

சதுர அடிக் கணக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. பிளைவுட் பலகை ஒன்று 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. 32 சதுர அடி. 7 அடி உயரமும் 18 அங்குல அகலமும் கொண்ட அலமாரிக் கதவுகள் அதில் இரண்டுதான் கிடைக்கும். 21 சதுர அடி கதவாயிற்று. 11 சதுர அடி துண்டாயிற்று. அகலத்தை 15¾ அங்குலமாகக் குறைத்தால் அதே பலகையில் மூன்று கதவு கிடைக்கும். 16 என்று வைத்தால் கிடைக்காது. ஏனெனில் வாள் ஒவ்வொரு அறுப்பிலும் சிறிது மரத்தைத் தின்றுவிடும். இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்குப் படம் போட்டுக் காட்டுங்கள். கால் மணி நேரம் ஆகும். ஆனால் "இவன் நம் பணத்தையும் தன் பணமாகப் பார்க்கிறான்" என்ற நம்பிக்கை பிறக்கும்.

வரியையும் முன்னரே சொல்லிவிடுங்கள். பணித் தொழில் செய்வோரின் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். உள் அலங்காரப் பணிக்கு வரி 18 விழுக்காடு. மேலே கண்ட 3,75,000-க்கு வரி மட்டும் ரூ. 67,500 ஆகிறது. "வரி தனி" என்ற இரண்டு சொல்லைத் தாளின் அடியில் சிறு எழுத்தில் போட்டுவிட்டு, முடிவில் அறுபத்தேழாயிரத்தை நீட்டுபவன் என் பழைய பிழையையே மீண்டும் செய்கிறான். பதிவு செய்யாதவர் வரி என்று ஒரு காசும் வாங்குதல் கூடாது என்பதையும் நினைவிற் கொள்க.

தவணை

பணத்தைப் பகுத்து வாங்க வேண்டும். நான் கைக்கொள்ளும் முறை இது: ஒப்பந்தம் எழுதியவுடன் 40 விழுக்காடு, பலகையும் பிற பொருளும் வந்து இறங்கியதும் 30, பொருத்தி முடித்ததும் 25, சிறு குறைகளைத் தீர்த்துச் சாவியை ஒப்படைக்கும்போது 5. மேற்கண்ட வேலைக்கு முறையே ரூ. 1,50,000, 1,12,500, 93,750, 18,750 ஆகும். இதன் உட்பொருள் எளியது. எந்த நாளிலும் நம் உழைப்பு அவர்களிடம் மிகுதியாகச் சிக்கியிருக்கக் கூடாது. அவர்கள் பணமும் நம்மிடம் மிகுதியாகச் சிக்கியிருக்கக் கூடாது. கடைசி ஐந்து விழுக்காடு அவர்களுக்கு நாம் தரும் பிடிமானம். அதை முன்கூட்டிக் கேளாதவனை அவர்கள் மதிப்பார்கள்.

இன்னொன்று: ஒரு வீட்டின் முன்பணத்தை எடுத்து மற்றொரு வீட்டின் கூலியைக் கொடுக்காதீர்கள். சிறு தொழில்கள் பல மூழ்கும் மடு இதுவே. வேலை குறைந்ததால் மூழ்கியவரைவிட, வேலை நிறைந்திருக்கும்போதே இப்படி மூழ்கியவரை நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். வீட்டிற்கு ஒரு பக்கம் என்று கணக்கேட்டில் ஒதுக்குங்கள்.

வாடிக்கையாளர் கடைக்காரராகவோ நிறுவனமாகவோ இருந்தால் சட்டத்தின் துணையும் உண்டு. உத்யம் என்னும் அரசுப் பதிவு இலவசமானது. அவ்வாறு பதிந்த குறு, சிறு தொழிலாருக்கு உரிய பணத்தை, எழுத்தில் ஒப்பிய நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மேற்படாமல் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மறுபுறம், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் பணியில் குறையிருந்தால் வாடிக்கையாளரும் நம்மை மாவட்ட ஆணையத்திற்கு இழுக்கலாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் அதை மெய்ப்பிப்பது யார்? ஆகவே இரு தரப்பாருக்கும் துணை தாளே.

ஊடை மாறும்போது

தாள் எழுதியபின் மாற்றமே வராதா? வரும். வராத வீடு இல்லை. அம்மா பரணுக்குக் கதவு கேட்கத்தான் செய்வார்கள். இப்போது நான் "ஆகட்டும் அம்மா" என்று சொல்வதில்லை. "செய்யலாம் அம்மா, இராத்திரி கணக்குப் போட்டு அனுப்புகிறேன்" என்கிறேன். அன்றிரவே வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்புகிறேன்: என்ன வேலை, எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும். "சரி" என்று விடை வந்த பிறகே ஆசாரியிடம் சொல்வேன். வீட்டில் இறுதிச் சொல் யாருடையது என்று குறித்து வைத்தோமே, அந்த "சரி" அவரிடமிருந்து வர வேண்டும்.

இதனால் உறவு கெடும் என்று ஒருகாலத்தில் அஞ்சினேன். நடந்தது வேறு. கேட்ட மாற்றங்களில் ஏறத்தாழப் பாதியை அவர்களே, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகின்றனர். மீதியை மனநிறைவோடு ஏற்கின்றனர். யாரும் என்னைக் கருமி என்று சொல்லவில்லை.

சாயம் ஓடிய துணி

பணத்தை மட்டுமன்று, பொருளின் குணத்தையும் முன்னரே சொல்ல வேண்டும். இதற்கு நம் நெசவுலகத்திலேயே ஒரு வரலாறு உண்டு. நம் பக்கத்துக் கைத்தறிக் கட்டம்போட்ட துணி, அது கப்பலேறிய துறைமுகத்தின் பெயராலேயே 'மெட்ராஸ்' என்று அமெரிக்காவில் அழைக்கப்பட்டது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற துணி இறக்குமதியாளர் சென்னைக்கு வந்து, பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் அத்துணியை வாங்கிச் சென்றார். இயற்கைச் சாயம் தோய்ந்த துணி அது. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்ததாகவும், அந்த எச்சரிக்கை அதை வாங்கித் தைத்து விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கும் வாங்கியோருக்கும் போய்ச் சேரவில்லை என்றும் கூறுவர். வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டு வெளுத்தனர். சாயம் ஓடிற்று, உடன் இருந்த துணிகளும் கறைபட்டன. புகார்கள் குவிந்தன, வழக்கறிஞர்கள் கிளம்பினர்.

பிறகு நிகழ்ந்ததுதான் வியப்பு. 'செவன்டீன்' என்ற இளைஞர் இதழ், ஒவ்வொரு சலவைக்கும் நிறம் கலந்து புதுமை பெறும் இந்தியக் கைத்தறி அற்புதம் என்று அத்துணியைப் பற்றி எழுதியது. சாயம் ஓடுவது உறுதி என்றே விளம்பரம் செய்தனர். துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை. முன்னே சொல்லாதபோது குறையாக இருந்தது, முன்னே சொன்னபோது சிறப்பாயிற்று. ஆயிரம் பேர் விரும்பி வாங்கினர்.

இந்த வரலாற்றை என் பணியறையில் நான் நாள்தோறும் நினைக்கிறேன். கைத்தறித் திரைச்சீலை முதற்சலவையில் சற்றுச் சுருங்கும். ஆதலால் நனைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். ஆத்தங்குடிக் கல் கையால் செய்வது. ஒன்றுபோல் ஒன்று இராது. தேக்கு மேற்பூச்சின் ரேகையும் நிறமும் பலகைக்குப் பலகை மாறும். சாதாரணப் பிளைவுட் நீர் தங்கும் இடத்தில் ஊதிவிடும். கழுவுதொட்டியின் அடியில் ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற கடற்பயன் பிளைவுட் போடுவது நல்லது, ஆனால் விலை கூடும். மழைக்காலத்தில் மரக்கதவு சற்று இறுகும். இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, மாதிரித் துண்டுகளோடு முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். குறையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று எண்ணாதீர்கள். குறையைச் சொல்பவன் நிறையைச் சொல்லும்போதுதான் நம்புவார்கள்.

வேண்டாம் என்று சொல்லும் துணிவு

எல்லா வேலையையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. "முன்பு செய்த மூன்று பேரும் ஏமாற்றுக்காரர்கள்" என்று தொடங்குபவர், தாள் எழுத மறுப்பவர், வேறொருவர் போட்ட படத்தைக் கொடுத்து "இதையே பாதி விலையில் செய்" என்பவர் ஆகியோரிடம் பணிவாக விடைபெற்றுக்கொள்ளுங்கள். வேலை இல்லாத மாதத்தில் இது கடினம். நானும் தடுமாறியிருக்கிறேன். ஆயினும் சும்மா இருந்த மாதத்தின் நட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. தவறான வேலையின் நட்டத்திற்கு எல்லை இல்லை.

அதேபோல், பிழை நம்முடையதாக இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். "அளவை நான் தவறாக எடுத்துவிட்டேன்; என் செலவில் மாற்றித் தருகிறேன்; நான்கு நாள் ஆகும்" என்று கூற முதலில் நா எழாது. பழகினால் எழும்.

முடிவுரை

எங்கள் ஊரைப் பற்றிய புராணச் செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆகாசராசன் மகள் பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் மணந்த இடம் நாராயணவனம் என்பது மரபு. அத்திருமணத்திற்கு மஞ்சள் முதலியவை அரைத்த கல் என்று கல்யாண வேங்கடேசுவரர் கோயிலில் ஒரு பெரிய கல்லைக் காட்டுவர். அந்தத் திருமணச் செலவிற்குப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கினார் என்றும், அதற்குப் பத்திரம் எழுதப்பட்டது என்றும், பிரமனும் சிவனும் சாட்சி என்றும் கதை சொல்வர். சிறுவயதில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடவுளிடமே பத்திரமா என்று நினைத்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. எழுதிக் கேட்டதால் குபேரனுக்குப் பக்தி குறைந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததால் பெருமாளுக்கு மதிப்புக் குறைந்ததாகவும் யாரும் சொல்லவில்லை.

என் முதல் வாடிக்கையாளராகிய பெரியவர் வீட்டிற்குச் சில ஆண்டு கழித்துச் சென்றேன். ஓர் அலமாரிக் கதவு கீல் தளர்ந்து தொங்குவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கீலை மாற்றி நிமிர்த்தினேன். அம்மா காப்பி கொடுத்தார்கள். அந்த 58,000 ரூபாயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பரணுக்கு நான் போட்ட கதவு நன்றாகவே இருந்தது. அன்று மூன்று வரி எழுதி நீட்டியிருந்தால், அந்தக் காப்பியை நாங்கள் இருவரும் இன்னும் சற்று எளிதாகக் குடித்திருப்போம்.

நண்பர்களே, நீங்கள் எந்தத் தொழிலில் இறங்கினாலும் இதை மறவாதீர்கள். வீட்டாருக்கு நீங்கள் செய்யும் முதல் மரியாதை, அவர்கள் முடிவு செய்வதற்குரிய நேரத்தில் உண்மையை அவர்கள் கையில் கொடுப்பது. பாவு ஏற்றுமுன் பேசுங்கள்.